மாமா விலை கேட்ட பச்சைக் கார்

பெண் பார்க்கப் போக வேண்டிய வயதில் என் தாய்மாமா கார் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

வாங்குவதற்கு இல்லை. வாங்குகிற நிலையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் அம்மா, நான், மாமா மூன்று பேரும் ஒரே கூரை வீட்டில் இருந்தோம். அப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவர். வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். மாமா ஊருக்குள் இருந்த ஒரு நிலக்காரரின் டிராக்டரை ஓட்டினார். அரிசி, மண்ணெண்ணெய், என் பள்ளிக்கூடத்துச் செலவு எல்லாம் அந்த டிராக்டர் சம்பளத்தில் வந்தவை. ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியும். வானத்தில் நிலா இருக்கிறது என்பது தெரிவதைப்போலத் தெரியும். அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மாமா பேப்பரை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராக உள்ளே போவார். பொடி எழுத்தில் ‘விற்பனைக்கு’ என்று வரும் விளம்பரங்கள்தான் அவருக்குச் செய்தி. அதில் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஏதாவது வண்டி இருந்தால் அடுத்து வருகிற ஓய்வு நாளில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் வாலாஜாபாத்தில் ஒரு ஜீப்பைப் பார்த்தார். மதுராந்தகத்தில் ஒரு டாக்டரின் சின்னக் காரைப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காரரின் நீளமான காரைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்ப்பார், குனிந்து பார்ப்பார், எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். பிறகு விலை பேச உட்கார்ந்து, கேட்டவுடன் எதிராளிக்கு ரத்தம் கொதிக்கிற மாதிரி ஒரு விலையைச் சொல்வார். சொந்தக்காரர் “வேற எடம் பாருங்க” என்று எழுந்துவிடுவார். மாமா சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மனமில்லாமல் போகிறவரைப்போல வெளியே வருவார். இதில் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை என்பது அவர் கட்சி.

என்னைக் கூட்டிப் போக ஆரம்பித்தது எனக்கு எட்டு வயதானபோது. “ஒண்டியா போனா புரோக்கர்னு நெனச்சிக்கிறானுங்க பாப்பா. புள்ளய இட்டுக்கினு போனா குடும்பஸ்தன்” என்றார். எனக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை மாமா கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அதை வண்டியின் உடம்பு முழுக்க நான் ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும். இடித்து நசுங்கி, பட்டி பூசி, மேலே பெயிண்டு அடித்து மறைத்த இடத்தில் ஒட்டாது, கீழே விழுந்துவிடும். விழுந்தால் நான் சத்தம் போட வேண்டும். பட்டுக் கடைக்காரரின் வண்டியில் நான் மூன்று தடவை சத்தம் போட்டேன். அவர் எனக்கு வரவழைத்திருந்த ரோஸ்மில்க்கை வேலைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் டிசம்பர் மாதத்தில் மழை விட்டு, நடவு முடிந்து, டிராக்டர் சும்மா நின்றது. கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கவுன் எடுக்க அம்மா மாமாவிடம் பணம் கொடுத்தாள். அதை அவர் சட்டைப் பையில் வைத்து, தானே ஊக்கு குத்திவிட்டாள்.

“நேரா காஞ்சிபுரம் போ. கவுன எடு. வூட்டுக்கு வா. வேற எங்கனா பூந்துக்கினு இருந்தன்னா பாரு.”

“நான் எங்க பூரப் போறேன்” என்றார் மாமா. ஆனால் சட்டை இஸ்திரி போட்ட சட்டை. அம்மா அதைப் பார்த்தாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார். பேப்பரில் வந்த விளம்பரம் நாலு வரிதான் இருந்திருக்கும். ஓரிக்கை வரைக்கும் அவர் அதைப் பற்றியே பேசினார். இங்கிலாந்தில் செய்த கார். ரெண்டே பேர்தான் உட்கார முடியும். கூரையைக் குடைமாதிரி மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி, அதனால் தரையோடு தரையாகப் போகும்.

“நீ பாத்து கீறியா மாமா?”

“ஒரே தபா. உன் வயசு இருக்கும் எனக்கு. வேர்க்கடல மூட்ட ஏத்துன லாரி மேல குந்திக்கினு மெட்ராஸ் ரோட்ல போயிக்கினு கீறோம். பின்னாலேருந்து வந்துது பாரு ஒண்ணு, கூரையே இல்லாம. ஒரு ஆளும் ஒரு பொம்பளையும். அந்தம்மா கய்த்துல கட்டியிருந்த துணி அப்பிடியே பறக்குது. எங்கள தாண்டிக்கினு போயிடுச்சி. அப்பால வெறும் ரோடுதான் பாப்பா. ஒண்ணுமே இல்ல. நான் அந்த ரோட்டயே பாத்துக்கினு இருந்தேன்.”

ஜன்னல் வழியாக, முன்னால் போகிற ரோட்டைப் பார்த்தார்.

“அந்த மாதிரி வண்டி ஒலகத்துலயே கெடையாது” என்றார்.

பாலாற்றில் நாலைந்து ஓடையாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஓரிக்கையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தோம். மாமரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு, பச்சை இரும்புக் கதவு. கதவைத் திறந்தது ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். கைத்தறிப் புடவை, கனத்த கண்ணாடி, காலில் கான்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூ போட்டவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“காருக்கா? பார்ட்டியா, புரோக்கரா?”

மாமா தன்னுடைய வெளியூர்த் தமிழை எடுத்தார். கார் பார்க்கப் போகும்போது மட்டும் பேசுகிற தமிழ் அது. “பார்ட்டிதாங்க. என்னுடைய சொந்த உபயோகத்துக்குத்தான்.”

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாதென்று நினைக்கிறேன். கார் அவருடைய வீட்டுக்காரருடையது. அவர் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எஞ்சினீயராக இருந்தவர், இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டை விற்றாயிற்று. பொங்கலுக்குள் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மகள் இருப்பது மாடி வீடு, அங்கே காரை நிறுத்த இடமில்லை. பேப்பரில் போட்ட பிறகு ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் பழைய இரும்புக்காரர், வண்டி என்ன எடை இருக்கும் என்றுதான் முதலில் கேட்டார். இன்னொருத்தர் சினிமா கம்பெனி ஆள்.

“சினிமாவுல ஓட்டவான்னு கேட்டேன். இல்லையாம், மலை மேலேருந்து உருட்டி விடறதுக்காம். அதுக்கு நானே உருட்டி விட்டிருப்பேனே” என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. மாமா கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த இடம். பழைய படுதாக்களைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வைக்குக் கீழே கார் படுத்திருந்தது. வாசலில் மாமா செருப்பைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னா மாமா, சர்ச்சா?” என்றேன். அவர் காதில் விழவில்லை.

அந்த அம்மாள் போர்வையை இழுத்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு பேசிய வண்டி என் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. முற்றிய வாழையிலைப் பச்சை. அங்கங்கே பெயிண்டு செதில் செதிலாக எழும்பியிருந்தது. சிவப்புத் தோல் இருக்கை இரண்டும் கோடையில் ஏரி வெடித்த மாதிரி வெடித்திருந்தன. ஆனால் முன்னால் போய் நின்றபோது, இரண்டு உருண்டை விளக்குகளும் என்னை நேருக்கு நேர் பார்த்தன. நான் பார்த்த கார்களெல்லாம் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பவை. என் உயரத்துக்கு இறங்கிவந்து பார்த்த கார் இது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

வழக்கமாக மாமா நாக்கைச் சொடுக்கிக்கொண்டுதான் தொடங்குவார். பிறகு ஒரு டயரை உதைப்பார். அன்றைக்கு அவர் எதுவுமே செய்யாமல் நின்றார். நான்தான் அவர் கையிலிருந்த காந்தத்தை வாங்கி வேலையைத் தொடங்கினேன். கதவில் ஒட்டியது. முன்பக்கத்தில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்தபோது நழுவியது.

“மாமா, வுயுந்துடுச்சி!” என்று கத்தினேன்.

“ஷ்ஷ்” என்றார் மாமா, ஆஸ்பத்திரியில் யாரோ படுத்திருக்கிற மாதிரி.

“கரெக்டுதான்” என்றார் அந்த அம்மாள். “அங்க பட்டி போட்டிருக்கு. மலையில ஒரு வளைவுல மரத்துல இடிச்சிட்டார். அடியிலயும் துரு இருக்கு. அந்த மிதியடியத் தூக்கிப் பாருங்க.”

மாமா தூக்கினார். கையளவு ஓட்டை. அதன் வழியாகக் கொட்டகைத் தரையில் எறும்புகள் வரிசையாகப் போவது தெரிந்தது.

“இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு தகடு வச்சி பத்த வச்சா சரியாப் பூடும்.”

“கூரைத் துணி கிழிஞ்சிருக்கு. எலி.”

“மய வந்தாத்தானேம்மா கூரை வோணும்?”

“பார்ட்ஸ் எதுவும் இங்க கிடைக்காது. அவரே எழுதிப்போட்டு மாசக்கணக்கா காத்திருப்பார்.”

“லேத்துல குடுத்து கடஞ்சிக்கலாம்மா. அது இன்னா, மனுசன் செஞ்சதுதானே.”

எத்தனையோ வியாபாரம் பார்த்தவள் நான். விற்கிறவர் குறை சொல்லி, வாங்க வந்தவர் சமாதானம் சொன்னது அங்கேதான். அதோடு மாமாவின் வெளியூர்த் தமிழ் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்து இன்னொன்றும் நடந்தது. அந்த அம்மாள் குறை சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் மாமா கொடுக்கிற பதிலைக் கேட்பதற்காகவே அடுத்த குறையைச் சொல்வதுபோல இருந்தது. அந்த அம்மாளின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

பிறகு அவரே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அவருக்கு ஓட்டத் தெரியாதாம், கிளப்ப மட்டும் தெரியுமாம். வெள்ளிக்கிழமைதோறும் கிளப்பி, ஒரு காபி குடித்து முடிக்கிறவரை ஓடவிட்டு நிறுத்திவிடுவாராம். வண்டி இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் என் உள்ளங்காலுக்கு வந்தது. மாமா எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்து, எடுக்கவே இல்லை.

“நீலமா புகை வருது பாருங்க” என்றார் அந்த அம்மாள் சத்தத்துக்கு மேலே.

“வரட்டும்” என்றார் மாமா.

“ஓட்டிப் பாக்கறீங்களா?”

நான் துள்ளினேன். மாமா தலையை ஆட்டினார். “இருக்கட்டும்மா. அப்பால.”

மற்ற வண்டிகளில் அவர் முதலில் ஓட்டிவிடுவார், விலையில் சண்டை வருவதற்கு முன்னால் ஓட்டியாக வேண்டும் என்பதால். இதை மட்டும் ஏன் தள்ளிப்போட்டார் என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. பாயசத்தில் முந்திரியை நான் கடைசியில்தான் தின்பேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, அந்த அம்மாள் விலை சொன்னார். எங்கள் பக்கம் அந்தப் பணத்துக்கு அரைக்காணி நன்செய் வாங்கலாம். மாமா தரையைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில், வழக்கமாகச் சொல்கிற மாதிரி ஒரு விலையைச் சொன்னார். ஒரு கறவை மாடு வாங்கலாம், கன்றோடு வாங்க முடியாது, அப்படி ஒரு விலை. நான் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்ற ஆரம்பித்தேன். அடுத்தது கோபம், அடுத்தது வாசல்.

கோபம் வரவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

“இரும்புக்காரர் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் தர்றேன்னார்” என்றார். “ஆனா அவர் வெட்டிடுவார். நீங்க ஓட்டுவீங்க. சரி, எடுத்துக்குங்க.”

இப்படி ஒரு பதிலை மாமா யாரிடமும் கேட்டதில்லை. வாயைத் திறந்து மூடினார். “அவ்ளோ… மொத்தமா இப்ப…” என்று இழுத்தார்.

“மொத்தமா யார் கேட்டா? மாசாமாசம் அனுப்புங்க. ஒரு வருஷம் ஆகட்டும், ரெண்டு வருஷம் ஆகட்டும். இப்ப கையில என்ன இருக்கோ அத அட்வான்ஸா குடுத்துட்டு சாவிய வாங்கிட்டுப் போங்க. வந்தவங்க ரெண்டு பேரும் எப்படி ஒடைக்கலாம்னுதான் பாத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் வண்டியப் பாத்தீங்க.”

மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. விரல் ஊக்கைத் தொட்டது. அங்கேயே நின்றது. அவர் கண் வண்டியின்மேல் இல்லை, கொட்டகைச் சுவரில் எங்கேயோ இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அரிசிக் கடைக்காரர் மனக்கணக்குப் போடும்போது அசைகிற மாதிரி.

அந்த நேரத்துக்குள் நான் அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்துவிட்டிருந்தேன், மனதில். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கூரையில்லாத காரில் சர்ச்சு வாசலில் போய் இறங்குகிறேன். என் கழுத்தில் ஒரு துணி பறக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறார்கள். எனக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு கவுன்தான். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, எனக்குக் கவுன் வோணாம். பழசே போதும். வண்டி வாங்கிக்கலாம்.”

ரகசியமாகத்தான் சொன்னேன். என் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.

மாமா என்னைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். பிறகு ஊக்கிலிருந்து கையை எடுத்தார். கொட்டகை வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார்.

“இல்லம்மா. நான் செரியா பாக்கல” என்றார். குரல் மாறியிருந்தது. தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. வண்டியை மறுபடி ஒரு சுற்று சுற்றினார். டயரை உதைத்தார். “டயரு நாலும் வெடிச்சி கீது. ப்ளோரு பூட்டுது. இத்த பத்த வச்சா ஒரு மாசம் தாங்காது. நீலப் பொக வருது, ரிங்கு தேஞ்சி போயிருக்கு. கூரை இல்ல. பார்ட்சு கெடைக்காது. ரெண்டு பேரு குந்தற வண்டிய வச்சிக்கினு குடும்பஸ்தன் இன்னாம்மா பண்றது? பெட்ரோல ஊத்தி மாளாது. இது ஓட்டற வண்டி இல்ல. காயலான் கடைக்குத்தான் ஆவும். அந்த இரும்புக்காரனுக்கே குடுத்துடுங்க.”

சொல்லிக்கொண்டே அவர் ஒரு விரலால் கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். எனக்கு அது ஒன்றும் அர்த்தமாகவில்லை.

அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. “இதெல்லாம் நானே சொன்னதுதானே” என்றார். “அப்ப ஒண்ணுமில்லைன்னீங்களே.”

மாமா இன்னொரு டயரை உதைத்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குக் கிடைத்த காரை என் மாமாவே பிடுங்கி எறிகிறார். “நீதானே பஸ்ல சொன்ன? இந்த மாதிரி வண்டி ஒலகத்துலயே கெடையாதுன்னு நீதானே சொன்ன? லாரி மேலேருந்து பாத்தேன்னு சொன்ன?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

மாமரத்தில் அணில் கத்துவது கேட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். மாமாவின் சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தார். நான் போட்டிருந்த பாவாடையின் கீழ்மடிப்பு பிரித்துப் பிரித்து இறக்கிவிடப்பட்டது; பழைய மடிப்புகளின் கோடு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அதையும் பார்த்தார்.

“கிறிஸ்துமஸ் கவுனா பாப்பா?” என்று கேட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன்.

அவர் கையிலிருந்த சாவியை மாமாவிடம் நீட்டினார்.

“வாங்க வேணாம் தம்பி. விலையெல்லாம் விட்டுடுங்க. டாங்க்குல பெட்ரோல் இருக்கு. பாப்பாவ உக்கார வச்சிக்கிட்டு ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க. எனக்கு அது போதும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தப் பக்கம் ஓடிக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். ஏறுவதில்லை அதில், இறங்குவதுதான். தோல் என் தொடையைக் குத்தியது. எலிப்புழுக்கை நாற்றமும், அதற்கடியில் வேறு ஏதோ ஒரு நல்ல வாசனையும் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சையாக நீண்டு கிடந்தது மூடி. அதற்கப்பால் திறந்த கதவு, அதற்கப்பால் ரோடு. எல்லாம் தயாராக இருந்தது. மாமா வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தானே வந்தோம்.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

“எறங்கு பாப்பா.”

“மாமா, அவங்களே சொல்றாங்க…”

“எறங்குன்னு சொல்றேன் இல்ல?”

என் மாமா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் இறங்கினேன். அவர் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்தபோது சாவியை வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கும்பிட்டார். “வரோம்மா” என்றார்.

அந்த அம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போர்வையை இழுக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் நழுவியது. வாசலைத் தாண்டிவிட்ட மாமா திரும்பிப் போனார். செருப்பை மறுபடி கழற்றிப் போட்டுவிட்டு, மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை மூடினார்கள். பின்பக்கம் வந்ததும் மாமா மண்டிபோட்டு, கயிற்றைச் சக்கரத்துக்கு அடியில் விட்டு இழுத்து, மாட்டுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுக் கட்டினார். அதை அவர் நிதானமாகச் செய்தார். அந்த அம்மாள் தன் பக்கத்தை முடித்துவிட்டுக் கூடவே நின்றுகொண்டிருந்தார்.

காஞ்சிபுரத்தில் மாமா விலை பேசவே இல்லை. கடைக்காரர் சொன்னதைக் கொடுத்தார். ரோஜா நிறத்தில், இடுப்பில் நாடா வைத்த கவுன். வேறு சமயமாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே நான் வீடு வந்திருப்பேன். அன்றைக்கு அது காகிதப் பையில் என் மடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் கார் பார்க்கப் போகவில்லை. டீக்கடையில் பேப்பரைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். பொங்கல் கழித்து அந்த வழியாக பஸ்ஸில் போனபோது, பச்சைக் கதவு திறந்திருந்தது, உள்ளே லாரியிலிருந்து செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை இல்லை. கார் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “மாமா, அதோ அந்த வூடு” என்று நான் காட்டினேன். அவர் கண்டக்டரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு, கவுனோடு திரும்பும்போது, பாலாறு வந்த இடத்தில் நான் கேட்டுவிட்டேன். அழுது முடித்திருந்தேன், கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

“சும்மாதானே ஓட்டச் சொன்னாங்க? ஏன் மாமா ஓட்டல?”

மாமா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயிலில் ஓடைகள் மினுங்கின.

“கிளட்ச்சு செரியில்ல பாப்பா” என்றார் கடைசியில். “நல்ல வேள. தப்பிச்சோம்.”

எனக்குச் சட்டென்று எல்லாம் நேராகிவிட்டது. அந்த வண்டியின் கிளட்ச்சில் அவர் கால் படவே இல்லை என்பது என் புத்தியில் ஏறவில்லை. அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்து, சிரித்துப் பேசி, கெட்டுப்போன ஒரு வண்டியை எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். மாமா கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். நான் கவுனே வேண்டாம் என்று சொன்னதையும், அந்த அம்மாள் மாசாமாசம் கொடுத்தால் போதும் என்று ஆசை காட்டியதையும், மாமா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து வண்டியின் குறையை எல்லாம் எடுத்து வைத்ததையும், சும்மா ஓட்டக் கொடுத்தும் அவர் ஏமாறாமல் வந்ததையும் பெருமையாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் புகுந்தால் பார் என்று காலையில் சொன்னவள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வாசலில் மாமா கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

“தம்பி, வா. சோறு ஆறுது” என்றாள் அம்மா.

குழம்பில் அன்றைக்கு ஒரு முட்டை போட்டிருந்தாள். முட்டை என்றால் அது எனக்குத்தான், எங்கள் வீட்டில் அதில் கேள்வியே கிடையாது. அம்மா அதைக் கரண்டியில் எடுத்தாள், உடையாமல் கொண்டுபோய் மாமாவின் தட்டில் வைத்தாள். மாமா நிமிர்ந்து பார்த்தார். அம்மா பார்க்கவில்லை. அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

“நீ துன்னு தம்பி” என்றாள் அம்மா.

புதுக் கவுனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். நாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தது நான்; முட்டை ஏன் அவருக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.